பெண்களிடம் யாரும் கேட்காத கேள்வி

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு சரிவான தெருவில் நான் வேலை செய்யும் மருந்துக்கடை இருக்கிறது. எதிரே ஒரு தேநீர்க் கடை. என்னிடம் இருமல் பாணி வாங்கிக்கொண்டு தெருவைத் தாண்டும் ஆள், அங்கே ஒற்றைச் சிகரெட் வாங்குவார். கயிற்றில் தொங்கும் லைட்டரில் பற்ற வைப்பார். நான் கொடுத்த பையைக் கையில் வைத்துக்கொண்டே புகையை இழுத்து, இருமி, மறுபடி இழுப்பார். நான் இந்தப் பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆரம்பத்தில் அந்த ஆள்மீதுதான் எனக்குக் கோபம் வந்தது. போகப் போக அந்தக் கோபம் வேறு பக்கம் திரும்பியது. அவருக்கு டொக்டர் மருந்து எழுதியிருக்கிறார். நான் அதை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். முதலாளி பில் போட்டிருக்கிறார். இத்தனை பேர் கையைத் தாண்டிப் போகிற அந்த மனிதரிடம், "புகைக்கிறீங்களா, விட மனசிருக்கா, நான் என்ன செய்யணும்?" என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. மருந்தாளர் படிப்பில் அதைக் கேட்கத்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கடைக்கு வந்த பிறகு, வரிசை நீளுகிறது, பேசிக்கொண்டு நிற்காதே என்று மட்டும்தான் சொல்கிறார்கள்.

அதனால் நான் கேட்க ஆரம்பித்தேன். இருமலோடு வருகிற ஆண்கள் எல்லாரிடமும் கேட்டேன். சிலர் சிரித்தார்கள், சிலர் முறைத்தார்கள், ஓரிருவர் நின்று பேசினார்கள். பெண்களிடமும் கேட்க வேண்டும் என்று எனக்குப் புரிய வைத்தது ஓர் அக்கா. அவரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அவர் தெமோதரைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். ஐம்பதைத் தாண்டிய வயது. மெலிந்த உடம்பு, வாய் நிறைய வெற்றிலை. டவுனில் டிஸ்பென்சரி வைத்திருந்த ஒரு டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டோடு வந்தார். மூச்சிழுப்புக்குத் தியோபிலின் மாத்திரையும், வாயில் வைத்து இழுக்கும் பம்ப்பும் அதில் இருந்தன. பம்ப்பைக் கையில் கொடுத்ததும் அதைச் சட்டைப் பொத்தான் மாதிரி அமுக்கிப் பார்த்து, "இது எனக்கு வேலை செய்யாதுங்க மிஸ். போன தடவையும் வாங்கினேன். நாக்குதான் கசக்குது" என்றார்.

எப்படி இழுப்பது என்று அவருக்கு யாரும் காட்டியிருக்கவில்லை. கவுண்டரின் பக்கக் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டேன். "முதல்ல மூச்ச முழுசா வெளியில விடுங்கக்கா" என்றேன். அவர் விட்டார். மூச்சு நேராக என் முகத்தில் அடித்தது. வெற்றிலைக்கும் பாக்குக்கும் அடியில் பீடி வாசம்.

நான் பிறந்து வளர்ந்ததும் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில்தான். அந்த வாசம் எனக்குத் தெரியாமல் போகாது. ஆனாலும் அந்த இடத்தில் எதிர்பார்க்கவில்லை. அவர் விரல்களைப் பார்த்தேன். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்திருந்தன. அந்தக் கறைக்குள் புகையிலைக் கறையை எந்த டொக்டரால் கண்டுபிடிக்க முடியும்?

"வீட்டுல யாராவது பீடி குடிப்பாங்களாக்கா?"

"வீட்டுக்காரரு குடிப்பாரு."

"நீங்க?"

அவர் கடை வாசலைத் திரும்பிப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு மிக மெதுவாகச் சொன்னார்.

"ஆமாங்க மிஸ். ரொம்ப காலமா. எத்தன டொக்டருகிட்ட போயிருக்கேன், ஒருத்தரும் என்னய இதக் கேக்கல. நீங்கதான் கேக்குறீங்க."

கதையை அவர் கொஞ்சம் கொஞ்சமாக, மாத்திரை வாங்க வந்த நாட்களில் சொன்னார். கல்யாணமாகி வந்த புதிதில், விடாத மழையில் தேயிலை மலையில் நின்று நடுங்கும்போது கூட வேலை செய்த ஒரு பெண் தன் பீடியை நீட்டியிருக்கிறாள். உடம்பு சூடானது, பசி மறந்தது. அப்படியே ஒட்டிக்கொண்டது. புருஷன் லயத்து வாசலில் உட்கார்ந்து எல்லார் கண்ணுக்கும் முன்னால் புகைப்பார். இவர் கக்கூசுக்குப் பின்னாலும், அடுப்புப் புகைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டும் புகைப்பார். மகளுக்குத் தெரியாது. மருமகனுக்குத் தெரிந்தால் செத்துப்போவேன் என்றார். புகைக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அதை மறைக்கிற வேலைதான்.

"இப்ப ஏத்தம் ஏற முடியல மிஸ். கூடையோட நின்னு நின்னு மூச்சு வாங்கணும். கொழுந்து கொறையுது. கொறஞ்சா அரப் பேருதான், அர நாள் சம்பளந்தான் போடுறாங்க. இந்த வயசுல இத விட்டு என்ன ஆகப்போகுது?"

எந்த வயதில் விட்டாலும் நெஞ்சுக்கு நல்லது என்றேன். கெட்டுப்போன நுரையீரல் பழையபடி ஆகாது, ஆனால் மேலும் கெடுவது மெதுவாகும், ஏத்தம் கொஞ்சம் இலகுவாகும் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "எப்படி விடுறதுன்னு சொல்லுங்க. விடு விடுன்னு சொல்லாதீங்க. அத எனக்கு நானே சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது.

நிக்கோட்டின் சுவிங்கம் எங்கள் கடையில் இல்லை. வரவழைக்கச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன். மோசமான மனிதர் இல்லை. நோன்புக் காலத்தில் கஞ்சி கொடுத்து அனுப்புகிறவர். ஆனால் அன்று சிரித்தார்.

"தோட்டத்து ஆளுக்குச் சுவிங்கமா மிஸ்? வெத்தல இருக்க அவங்க இத வாங்குவாங்களா? கொழும்புல வேணும்னா ஓடும்."

"ஆளு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? நீங்க அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேக்க வேணாம், எனக்குத் தெரியும்."

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. எங்கள் தட்டு நிறைய முடி வளர்க்கும் எண்ணெயும் முகம் வெளுக்கும் கிரீமும் அடுக்கி வைத்திருக்கிறோம். அதையெல்லாம் தோட்டத்து ஆட்கள் வாங்குவார்கள் என்று அவருக்குத் தெரிகிறது. உயிரைக் காப்பாற்றக்கூடிய ஒன்றை மட்டும் வாங்கமாட்டார்கள் என்பதும் கேட்காமலே தெரிகிறதாம். அன்று நான் அதை உரக்கவே சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி பில் புத்தகத்தைப் புரட்டினார். அடுத்த வாரம் மருந்துப் பெட்டிகளோடு ஒரு சின்னப் பெட்டியும் வந்தது. "இது விக்காம போனா நீங்கதான் மெல்லணும்" என்றார்.

தோட்டத்துக் கோயில் திருவிழா முடிந்த மறுநாளிலிருந்து விடுவதாக அக்கா தானே நாள் குறித்தார். திருவிழாவில் சொந்தம் பந்தமெல்லாம் வரும், அந்த நாளில் முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சுவிங்கத்தை மிட்டாய் மாதிரி மெல்லக் கூடாது, காரம் ஏறியதும் கன்னத்து ஓரத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும், காரம் அடங்கினால் மறுபடி மெல்ல வேண்டும் என்று காட்டினேன். வெற்றிலையை ஒதுக்கிப் பழகிய வாய்க்கு அதெல்லாம் நொடியில் வந்துவிட்டது. வெற்றிலையில் புகையிலை வைக்கிறாரா என்றும் கேட்டேன். இல்லை, வெறும் பாக்குதான் என்றார். பிறகு, சுவிங்கம் போடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பிருந்தும், அது வாயில் இருக்கும்போதும் தேத்தண்ணி குடித்தால் மருந்து சரியாக இறங்காது என்றேன்.

"தேத்தண்ணி குடிக்காமலா?" அவர் கண்ணை விரித்தார். "நான் தேயிலைக்குள்ளயே நிக்கிறவ மிஸ். அதுக்கு என்னய பீடி குடிக்கவே விட்டுருங்க."

இருவரும் சிரித்தோம். தேத்தண்ணி ஒரு நேரம், சுவிங்கம் ஒரு நேரம் என்று பிரித்துக் கொடுத்தேன்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டியிருந்தது. பீடிப் புகை உடம்புக்குள் போகும்வரை தியோபிலின் மாத்திரையை உடம்பு வேகமாக எரித்துவிடும். புகை நின்றால் அந்த வேகம் குறையும். அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் இரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். சுவிங்கத்தில் நிக்கோட்டின் மட்டும்தான், புகை கிடையாது. அதனால் சுவிங்கம் இதைத் தடுக்காது. விடுகிற ஆளுக்கு டொக்டர் மாத்திரையைக் குறைக்க வேண்டும். கை நடுங்கினால், வாந்தி வந்தால், நெஞ்சு படபடத்தால் உடனே எனக்குப் போன் செய்யச் சொன்னேன். டொக்டருக்கு நானே பேசுகிறேன் என்றேன்.

பேசினேன். போனில் சொன்னதை அவர் முழுக்கக் கேட்கவே இல்லை.

"யாரு, அந்தக் கிழவியா? பீடியா?" சிரித்தார். "மிஸ், உங்ககிட்ட யாரோ கத விட்டிருக்காங்க. அப்படியே குடிச்சாலும் இவங்க விடுவாங்கன்னு நம்புறீங்களா? ரெண்டு நாள் விடுவாங்க. நான் எழுதுனத குடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

அந்த டொக்டரின் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. சொல்லி என்ன? அவரைப் போல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அக்கா அவரிடம் நேரிலும் போய், "பீடிய விட்டுட்டேன் ஐயா, மருந்துக்கட மிஸ் மாத்திரய கொறைக்கணும்னு சொன்னாங்க" என்று சொல்லியிருக்கிறார். தான் புகைத்ததை ஒரு ஆம்பிளையிடம் அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்! டொக்டர் தலையைக்கூட நிமிர்த்தாமல் பழைய அளவையே எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தத் துண்டு என் கைக்கு வரவில்லை. டிஸ்பென்சரியிலேயே மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது பிறகுதான்.

விட்ட முதல் சில நாட்கள் அவர் போன் செய்துகொண்டே இருந்தார். எரிச்சலாக இருக்கிறது, சட்டியைப் போட்டு உடைத்தேன், புருஷனோடு சண்டை, மலையில் கங்காணியோடும் சண்டை என்பார். "நல்லா சண்ட போடுங்க, பீடிய மட்டும் தொடாதீங்க" என்பேன். ஆசை வரும்போது தண்ணீர் குடிக்கச் சொன்னேன். அந்த ஆசை கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும், இறங்கும்வரை வேறு ஏதாவது செய்யுங்கள் என்றேன். "அதுக்குத்தான் கங்காணி இருக்காருல்ல" என்றார்.

அதன்பிறகு ஒரு நாள் மதியம், கடை நிறைய ஆள் இருக்கும்போது போன் வந்தது. பேசியது அவர் புருஷன். கத்தினார்.

"என்னங்க மருந்து குடுத்தீங்க இவளுக்கு? காலையிலேர்ந்து வாந்தி. கையி ஆடுது, நெஞ்சு அடிக்கிற சத்தம் எனக்குக் கேக்குது. பல வருசமா இருந்தத திடீர்னு நிப்பாட்டுனா ஒடம்பு தாங்குமா? பயத்துல நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், லயமே சொல்லுது, ஒண்ணு பத்த வச்சி குடுத்தா சரியாயிரும்னு. வச்சிக்கிட்டுதான் நிக்கிறேன், இவ வாங்க மாட்டேங்கிறா. ஒங்ககிட்ட பேசணுங்கிறா."

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "மிஸ் சொன்னது இதுதான், மிஸ் சொன்னது இதுதான்" என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி ஒரு மாத்திரையும் கொடுக்காதீர்கள், இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள் என்றேன். கையுறையைக் கழற்றி மேசையில் போட்டேன். முதலாளி என் முகத்தைப் பார்த்தார். "போங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார். வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆட்டோவில் அவரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். முகம் வெளிறிப்போயிருந்தது. விரல்கள் அவர் சொல் கேட்காமல் ஆடிக்கொண்டிருந்தன. அவசரப் பிரிவில் இருந்தவர் ஓர் இளம் பெண் டொக்டர். நான் மூச்சுவிடாமல் சொன்னேன், இவர் எடுக்கும் மாத்திரை இது, பீடியை இப்போதுதான் விட்டிருக்கிறார், பொட்டலத்தில் இருப்பது பழைய அளவுதான் என்று. அவர் மாத்திரையை வாங்கிப் பார்த்தார். அக்காவின் பக்கம் குனிந்து, "எப்ப விட்டீங்கம்மா?" என்று கேட்டார். ஆச்சரியமும் இல்லை, சிரிப்பும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார், அவ்வளவுதான். உடனே நெஞ்சில் கம்பிகளை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள், சேலைன் ஏற்றினார்கள். வார்டில் வைத்துக்கொண்டார்கள்.

நான் வெளியே வந்தபோது புருஷன் வாசல் மதிலோரம் நின்று பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்தது எல்லாம் ஒன்றாக வெளியே வந்தது.

"அண்ணே, நீங்க ரோட்டுல நின்னு குடிக்கலாம். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அவங்க கக்கூசு பின்னாடி ஒளிஞ்சி குடிச்சாங்க. இப்ப தனியா விடவும் செஞ்சிருக்காங்க. அவங்க கையில திரும்ப பீடியக் கொண்டுபோய் குடுக்கிறீங்களே!"

அவர் கோபப்படவில்லை. பீடியை அணைத்தார். "எனக்குப் பயமா போச்சுங்க மிஸ்" என்றார். "அவ செத்துருவான்னு நெனச்சேன். எனக்குத் தெரிஞ்ச மருந்து அதான்."

அதற்குமேல் அவரை என்ன திட்டுவது? அவர் தெரியாமல் செய்தார். தெரிந்திருக்க வேண்டிய ஆள் டவுனில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

அக்கா தேறினார். மாத்திரையை அந்த இளம் டொக்டர் நிறுத்தி, வேறு பம்ப் எழுதிக் கொடுத்தார். அக்கா வீட்டுக்குப் போன பிறகு நான் அந்த டிஸ்பென்சரிக்குப் போனேன். நோயாளி மாதிரி நம்பர் துண்டு எடுத்து, வரிசையில் உட்கார்ந்து, என் முறை வந்ததும் உள்ளே போனேன். நடந்ததைச் சொன்னேன். டொக்டர் பேனாவை மூடி மூடித் திறந்தார்.

"சில நேரத்துல இப்படி நடக்கும்" என்றார்.

"தானா நடக்கல டொக்டர். நான் போன்ல சொன்னேன். அவங்க நேர்ல சொன்னாங்க."

"சொன்னாங்கதான். ஆனா மிஸ், நீங்களே யோசிச்சுப் பாருங்க. வயசான ஒரு பொம்பளகிட்ட போயி, நீ பீடி குடிக்கிறியான்னு எப்படிக் கேக்குறது? மரியாதையா இருக்குமா?"

மரியாதை! அக்காவை அவர் கிழவி என்றார். சொன்னதைக் காதில் வாங்கவில்லை. நெஞ்சு அடித்துச் சாகக் கிடந்ததைச் சில நேரத்தில் நடக்கும் என்கிறார். மரியாதை அவருக்கு இந்த ஒரு கேள்வியில் மட்டும் ஞாபகம் வருகிறது. "மாதவிடாயப் பத்திக் கேக்குறீங்க, வயித்துப்போக்கப் பத்திக் கேக்குறீங்க. இதக் கேட்டா மட்டும் மரியாத போயிருமா?" என்று கேட்டேன். என் குரல் வெளியே காத்திருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். அவர் மணியை அழுத்தி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு அவருடைய டிஸ்பென்சரியிலிருந்து எங்கள் கடைக்கு வரும் துண்டுகள் குறைந்தன. முதலாளி அதைக் கவனித்தார். "நீங்க ஏதோ பேசியிருக்கீங்க" என்றார். ஆமாம் என்றேன். "சரி" என்று மட்டும் சொன்னார்.

எல்லாம் அதோடு நல்லபடி முடிந்துவிடவில்லை. சில மாதம் கழித்து அக்கா கடை வாசலில் வந்து நின்று அழுதார். சொந்தத்தில் ஒருவர் இறந்துபோன வீட்டில், எல்லாரும் புகைத்துக்கொண்டிருந்தபோது இவரும் ஒன்றை வாங்கிவிட்டார். பாதி முடிந்த பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்று உறைத்திருக்கிறது. "எல்லாம் வீணாப் போச்சுங்க மிஸ்." வீணாகவில்லை, பாதியில் அணைத்தீர்களே, அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். நிறையப் பேர் ஒரு தடவை சறுக்கிய பிறகுதான் முழுசாக விடுகிறார்கள் என்றேன். மறுபடி சுவிங்கம் வாங்கிக்கொண்டு போனார். அதன்பிறகு அவர் தொடவில்லை. இன்றும் ஏத்தத்தில் நின்று நின்றுதான் ஏறுகிறார், ஆனால் முன்னைவிடக் குறைவாக நிற்கிறார். புருஷன் இன்னும் புகைக்கிறார். லயத்துக் காம்பராவுக்குள் புகைப்பதில்லை. மழையென்றாலும் வாசலுக்கு வெளியே போய் நனைந்துகொண்டு புகைக்கிறார். அவ்வளவு தூரம்தான் வந்திருக்கிறார்.

நான் இப்போது பெண்களிடமும் கேட்கிறேன். ஒரு டீச்சர் அம்மா கோபித்துக்கொண்டு, என்னைப் பார்த்து இப்படிக் கேட்டுவிட்டாள் என்று முதலாளியிடம் புகார் சொன்னார். முதலாளி அவரிடம், "ஆம்பிளைங்ககிட்டயும் இதத்தான் கேக்குறாங்கம்மா, எங்கிட்டயும் கேட்டாங்க" என்றார். அது உண்மைதான். அவர் புகைப்பதில்லை, ஆனாலும் கேட்டிருந்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அக்காவின் தோட்டத்திலிருந்து மூன்று பெண்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மருந்துத் துண்டு எதுவும் இல்லை. கவுண்டருக்கு ஓரமாக ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்றவர் மற்ற இருவரையும் திரும்பிப் பார்த்துவிட்டு, "அந்த மெல்லுற மருந்து இருக்குங்களா?" என்று கேட்டார். உள்ளே கூப்பிட்டு ஒவ்வொருவராகப் பேசினேன். என்ன மாத்திரை எடுக்கிறார்கள், நெஞ்சு வலி உண்டா, புகையிலை போட்டு வெற்றிலை மெல்லுகிறார்களா என்று எல்லாம் கேட்டேன். ஒருவர் மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தார். காசநோயா என்று பார்க்க அவரை முதலில் சளிப் பரிசோதனைக்கு அனுப்பினேன்.

மூவரிலும் மூத்தவர்தான் கடைசியாகப் பேசினார். அவரும் இருபது வயதில் மலையில் பீடி பழகியவர். இழுப்புக்கு டிஸ்பென்சரி, ஆஸ்பத்திரி என்று போகாத இடமில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மடியில் கையைக் கட்டிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"இதெல்லாம் மருந்து இருக்கிற விசயந்தான்னா, ஏன் மிஸ் இத்தன காலமா ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லல?"

அவர் குரலில் அழுகை இல்லை. கோபம்தான் இருந்தது. அந்தக் கோபம் எனக்கு நிம்மதியாக இருந்தது. இத்தனை நாள் அதை நான் ஒருத்தியே சுமந்துகொண்டிருந்ததாக நினைத்திருந்தேன். "அத அவங்ககிட்ட கேளுங்கக்கா" என்றேன். "அடுத்த தடவ டொக்டருகிட்ட போகும்போது, அவரு கேக்காட்டி நீங்களே கேளுங்க."

"கேக்குறேன்" என்றார் அவர். "சத்தமாவே கேக்குறேன்."